சோற்று லோரி போகும் பாலம்

அளக்கிற வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: அளப்பது சுலபம், அளந்தது சரிதானா என்று பார்ப்பதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும். மலாயாவில் வெள்ளைக்காரன் காலத்து அவசரகாலத்தில், பாலங்களின் ஆட்டத்தை அளக்கும் ஒரு துரைக்கு நான் உதவியாள். பாலம் ஆடினால் கரி பூசிய தாளில் ஊசி கோடு இழுக்கும். ஒரே மாதிரி மூன்று முறை இடித்தால் மூன்று கோடும் ஒரே மாதிரி வர வேண்டும். வராவிட்டால் தாள் குப்பைக்கு.

பூனைக் குதி

ராசா என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து மரப்பாலம். காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்ட்டுகளுக்குப் போய்விடும் என்று, வீட்டில் அரிசி வைக்கத் தடை. வெந்த சோறு லோரியில் அந்தப் பாலம் தாண்டித்தான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வரும். பாலம் தேறாவிட்டால் சோற்றுக்காகப் பிள்ளைகுட்டியோடு ரோடு வரைக்கும் நடக்க வேண்டும்.

பால்வெட்டும் ஆட்கள் ஆறு பேரைப் பாலத்து நடுவில் சேர்ந்து குதிக்கச் சொன்னோம். முதல் கோடு சின்னதாக வந்தது. இரண்டாவது அதைவிடச் சின்னது. மூன்றாவதில் ஊசி அசையவே இல்லை. "என்ன மண்டோரே, இது ஒரு குதியா?" என்றேன். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ராமையா குரலைத் தாழ்த்தினார்: "பலமா குதிச்சா பாலம் ஆடும், ஆடினா துரை மூடிடுவாரு. அதான் பாத்துக் குதிங்கடான்னு நான்தான் சொல்லி வச்சேன்."

மணல் மூட்டை

ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்றுதான் பார்க்கிறோம், பலமாகவே குதிக்கலாம் என்று தொண்டை வறள விளக்கினேன். ஒருத்தரும் நம்பவில்லை. சரி, மனுஷனே வேண்டாம், ஒரே உயரத்திலிருந்து மணல் மூட்டையைப் போடலாம் என்று முடிவு செய்தோம். மூட்டை இருந்த ஒரே இடம் பாலத்து முனைக் காவல் சாவடி. அங்கே நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் சூசை, அடுக்கிலிருந்து ஒன்றை உருவ விடுவேனா என்றார். கெஞ்சிக் கூத்தாடியபின், மூட்டை இருந்த இடத்தில் என்னை உட்காரவைத்துவிட்டுத்தான் கொடுத்தார். "அது திரும்பி வர்ற வரைக்கும் நகரக்கூடாது லா. சுட்டானுங்கன்னா அந்த ஓட்டை வழியாத்தான் குண்டு வரும்."

தேறிய பாலம்

ஓட்டையை அடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். தொம், தொம், தொம். துரை தாளைத் தூக்கிக் காட்டினார். மூன்று கோடும் அச்சு அசலாக ஒன்று, ஆட்டமும் சட்டென்று அடங்கியிருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மத்தியானம் சோற்று லோரி ஜம்மென்று பாலம் தாண்டியது. வரிசையில் முதலில் நின்ற ராமையாவின் மனைவி காமாட்சி, தூக்குச்சட்டியில் விழுந்த சோற்றை விரலால் நசுக்கிப் பார்த்தார். குழைந்து களியாகக் கிடந்தது. என் பக்கம் திரும்பினார்: "பாலம் பாஸாயிடுச்சு, சந்தோஷம்ங்க. இந்தச் சோத்தை எப்ப டெஸ்ட் பண்ணப் போறீங்க?"

அன்று அந்தச் சோற்றை நானும் மூன்று வாய் சாப்பிட்டுப் பார்த்தேன், மூன்றும் ஒரே மாதிரிதான் இருந்தது.