பாலையடி மோட்டை

பரமலிங்கத்தைப் போல ஒரு விசரனைத் தர்மபுரத்தில் நான் கண்டதில்லை. பக்கத்து வளவுக்காரன் என்பதால் முகத்துக்கு நேரேயே 'உனக்குப் பைத்தியம்' என்று சொல்லியிருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த நாங்களெல்லாம் வயலோடு மாரடித்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சரணாலயக் காட்டுக்குப் போய்விடுவான். ஒரு சதம் சம்பளம் கிடையாது. அவ்வளவு பெரிய காட்டுக்கு அரசாங்கம் போட்ட காவலர் செல்வநாயகம் ஒருவர்தான். உதவிக்கு ஆள் கேட்டார், இவன் போனான்.

காட்டுக்குள் இருக்கும் சின்னக் குளங்களை மோட்டை என்போம். கோடையில் அவை சேறடைத்துத் தூர்ந்துவிடும். இவன் அவற்றை வெட்டித் தண்ணீரைத் திறப்பான். பிறகு கரைச் சேற்றில் பதிந்த குளம்படிகளைப் பார்த்து மான் எத்தனை, மரை எத்தனை, புதுக்குட்டி உண்டா என்று செல்வநாயகத்திடம் சொல்வான்.

"வீட்டில கிணறு இல்லை. நீ மானுக்குக் கிணறு வெட்டுறாய், என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாங்கள் உங்கட கிணத்தடிக்கு வரலாம் அண்ணை. அதுகள் ஆரிட்டப் போறது?"

அந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. ஆவணிக்குள் மோட்டைகள் எல்லாம் வெடித்துப் பிளந்தன. பாலையடி மோட்டையில் மட்டும் இவன் ஆளுயரத்துக்கு வெட்டி ஊற்றைக் கண்டான். அந்தப் பக்கத்து மான்கள் அத்தனையும் அதை நம்பியே உயிர் பிழைத்தன. வயிற்றில் குட்டியோடு சில வருகின்றன என்று சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். சொந்த மகளுக்குப் பிள்ளைப்பேறு என்றாலும் அப்படிச் சிரித்திருக்க மாட்டான்.

பிறகு வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கியது. தண்ணீருக்குக் குனிந்த இடத்திலேயே மான்கள் விழுந்தன. இத்தனை காட்டில் அந்த ஒரு மோட்டையை வேட்டைக்காரர் எப்படிக் கண்டார்கள் என்று பரமலிங்கத்துக்கு விளங்கவில்லை. பிடிபட்ட ஒருவனிடம் செல்வநாயகம் விசாரித்தார்.

"பச்சைக் கொப்பைப் பாத்துப் போனம் ஐயா" என்றான் அவன்.

வன்னிக் காட்டுக்குள் போகிறவன் பச்சைக் கொப்பொன்றை முறித்து மரக்கவட்டில் செருகி, ஐயனாரிடம் காவல் கேட்டுத்தான் போவான். வந்து குடியேறிய பரமலிங்கம் அந்த வழக்கத்தை ஊராரைவிடப் பயபக்தியோடு பிடித்துக்கொண்டவன். போகும்போதெல்லாம் வீட்டு வேலியில் முறித்துக்கொண்டுபோய் ஒவ்வொரு திருப்பத்திலும் புதிதாகச் செருகியிருக்கிறான். எல்லாம் கருகிக் கிடந்த காட்டில், அவன் செருகிய கொப்பு மட்டும் பச்சையாக நின்று வழி காட்டியிருக்கிறது. கேட்டதும் எனக்கு ஐயனார் மேலேயே கோபம் வந்தது.

"வழி தெரிஞ்சு போச்சு. நான் ஒராள் என்ன செய்யிறது?" என்றார் செல்வநாயகம். "தண்ணி இருக்குமட்டும் அதுகளும் வரும், அவங்களும் வருவாங்கள். நீர் மோட்டையைத் தூர்த்துவிடும், பரமலிங்கம். அதுகள் வேற தண்ணி தேடிப் போகும்."

"வேற தண்ணி எங்க இருக்கு?"



அடுத்த நாள் பின்னேரம் பரமலிங்கம் என்னையும் மோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனான். தான் வெட்டிப் போட்ட மண்ணைத் தானே திரும்பத் தள்ளினான். வேலை முடியும்போது மான்கள் வந்துவிட்டன. எலும்பும் தோலுமாக நின்றன. எங்களைக் கண்டும் ஓடவில்லை. வயிறு தள்ளிய ஒன்று முன்னுக்கு வந்து, ஈரமாகக் கிடந்த புதுமண்ணை நக்கியது.

"கல்லெடுத்து எறிஞ்சு கலையுங்கோ அண்ணை. என்னால ஏலாது" என்றான் பரமலிங்கம்.

எறிந்தேன். அது கொஞ்சம் விலகிப் போய் நின்றது. பிறகு திரும்பி வந்து மறுபடியும் நக்கியது.