முன்கூட்டியே எழுதிய பத்து யூனிட்

கிடங்கு அலுவலகத்தில் பதிவேடு எழுதிய காலத்தில் எதற்கும் மூன்று நகல் எடுத்துவைத்தவர் என்பதால் அவருக்கு நகலார் என்று பெயர் விழுந்தது. வந்து சேராத சரக்கை வந்துவிட்டதாக மேலாளர் ஒருமுறை முன்கூட்டியே பதிவேட்டில் ஏற்றிவிட்டார். சரக்கு எங்கே என்று கேள்வி எழுந்தபோது பழி நகலார் தலையில் விடிந்தது. வேலை போயிற்று. பதினேழு ஆண்டுகளாக மேல்முறையீடு செய்துவருகிறார். அதற்காகச் சட்டத்தைத் தாமே படித்துக்கொண்டார். இரும்பு அலமாரியில் எண்ணிட்ட ஆவணங்கள் நானூற்றுப் பன்னிரண்டு. அத்தனையையும் படித்த ஒரே மனிதர் தாம்தான் என்பதும் அவருக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவரிடம், "மாத்திரை இனிமே போதாது, அம்மாவுக்கு இன்சுலின் ஆரம்பிச்சிடலாம்" என்று மருத்துவர் சொன்னால் என்ன ஆகும்? அன்றே ஒரு புதிய கோப்பு பிறந்தது. செவிலியர் செய்துகாட்டிய ஒவ்வொன்றையும் அதில் குறித்துக்கொண்டார்: ஒவ்வொரு முறையும் புது ஊசி, வயிற்றில் குத்தியபின் பத்து எண்ணும்வரை எடுக்காமலிருத்தல், நேற்றுக் குத்திய இடத்தை இன்று தவிர்த்தல். இந்தக் கடைசி விதிக்காக அம்மாவின் வயிற்றைக் காகிதத்தில் வரைந்து பதினாறு கட்டங்களாகப் பிரித்தார்.

"என் வயித்தைப் பத்திரம் பதியப் போறியாடா?" என்றாள் அம்மா.

முதல் நாள் அவர் கை நடுங்கியது.

"குத்துடா. உன் கேஸ் மாதிரி இழுத்துக்கிட்டே இருக்காதே."

குத்திய பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. அட்டவணையில் அன்றைய கையெழுத்து கோழி கிளறியதுபோல விழுந்தது. நகலாருக்கு அது பொறுக்கவில்லை. மறுநாள் முதல், கை நிதானமாக இருக்கும்போதே நேரம், கட்டம், அளவு எல்லாவற்றையும் நிரப்பிக் கையொப்பமும் இட்டுவிட்டு ஊசிக்குப் போனார். அட்டவணை கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது.

மூன்றாம் வாரம் ஒருநாள் காலை, வரியை நிரப்பி நிமிர்ந்தபோது மேல்முறையீட்டு அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. இருபது நிமிடம் வாதாடியதில், அதற்குமுன் ஊசி போட்டோமா என்பதே மறந்துபோயிற்று. திரும்பிவந்து பார்த்தால், அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்சுலின் பேனா மூடிய மூடியோடு மேசையில் கிடந்தது.

"அம்மா, நான் ஊசி போட்டேனா?"

"அது எனக்கு வலிச்சாத்தானே தெரியும்? தினமும் வந்து ஏதோ பண்ணிட்டுப் போறே. நேத்துப் போட்டது எது, இன்னைக்குப் போட்டது எதுன்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

ஏழு பத்து, ஒன்பதாம் கட்டம், பத்து யூனிட், கையொப்பம் என்றது அட்டவணை. அதை நம்பி விட்டுவிடுவதா, நம்பாமல் இன்னொரு முறை குத்துவதா? முன்பே போட்டிருந்தால் இருபது யூனிட் ஆகிவிடும். பயன்படுத்திய ஊசிகளைப் போடும் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். வாழ்நாளில் அவர் எண்ணிவைக்காத ஒரே பொருள் அந்த ஊசிகள்தான்.

செவிலியரை அழைத்தார்.

"போட்டீங்களா, இல்லையா சார்?"

"சார்ட்ல போட்டதா இருக்குங்க."

"நான் சார்ட்டைக் கேக்கல, உங்களைக் கேக்கறேன்."

நகலார் மறுபடியும் அட்டவணையைப் பார்த்தார்.

"சந்தேகம்னா மறுபடி போடாதீங்க. ஒருநாள் சுகர் கொஞ்சம் ஏறினா பாத்துக்கலாம், ரெண்டு டோஸ் போயிட்டா ஆபத்து. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை சுகர் பாருங்க. வேர்த்தாலோ, நடுங்கினாலோ, எழுபதுக்குக் கீழ இறங்கினாலோ உடனே சர்க்கரைத் தண்ணி குடுத்துட்டு எனக்கு போன் பண்ணுங்க."

அன்று முழுவதும் சர்க்கரைக் கரைசல் டம்ளரோடு அம்மா எதிரில் குற்றவாளியைப்போல உட்கார்ந்திருந்தார்.

"வெயிலுக்கு வேர்க்குதுடா. அதையும் எழுதிக்கோ."

மாலைக்குள் சர்க்கரை அளவு இருநூற்று நாற்பதுக்கு ஏறியது. ஊசி போடப்படவில்லை என்பது ஏறக்குறைய தெளிவாயிற்று. நாளை வழக்கம்போலத் தொடரலாம் என்று செவிலியர் சொன்ன பிறகே அவருக்கு மூச்சு வந்தது. முன்கூட்டியே எழுதிவைக்கும் வழக்கத்தை அப்போதுதான் அம்மாவிடம் ஒப்புக்கொண்டார்.

அம்மா அட்டவணையை வாங்கிப் பார்த்தாள். "உன் மேலாளர் பண்ணினதும் இதைத்தானேடா?"

நிகழாததை நிகழ்ந்ததாகப் பதிவுசெய்தல் என்ற தொடரைத் தம் மனுக்களில் எத்தனை இடத்தில் அடிக்கோடிட்டிருக்கிறார் என்பது அவருக்கு மனப்பாடம். மேலாளருக்கும் அழகான கையெழுத்துதான் என்பது இப்போது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை அட்டவணையும் பென்சிலும் அம்மா மடியில் இருந்தன. குத்தி, பத்து வரை சத்தமாக எண்ணி, ஊசியை எடுத்த பிறகுதான் அவள் ஒரு டிக் போட்டாள். அது கட்டத்தை விட்டு வெளியே கோணலாக ஓடியது. நகலாரின் கை தானாக அழிப்பானைத் தேடியது.

"தொட்டே, பாரு!"

அவர் தொடவில்லை. முந்தைய நாள் பொய் வரியை மட்டும் ஒரு கோட்டால் அடித்து, தம்மிடமே விளக்கம் கேட்டு, தாமே விளக்கமும் எழுதி, நானூற்றுப் பதின்மூன்று என்று எண்ணிட்டு அலமாரியில் வைத்தார். அதற்கு மட்டும் நகல் எடுக்கவில்லை.