சாமி படத்தில் கல்வாழைப் பூ

இன்று காலை செல்வி அக்கா வீட்டுச் சாமி படத்தில் ஒரு சிவப்புக் கல்வாழைப் பூவைப் பார்த்தேன்.

எங்கள் பின்தெரு வீடுகளில் கழிப்பறை கட்டி முடித்தாயிற்று. கழிவுநீர்க் குழாய் அக்கா வாசல் வழியாகத்தான் போக வேண்டும். நாற்றம் அடிக்கும் என்று அவர் சம்மதப் பேப்பரில் கையெழுத்துப் போடவே இல்லை. பொதுக் கழிப்பறையில் எல்லோருக்கும் இடம் போதாது; அவர் போடும்வரை நாங்கள் விடிவதற்கு முன்பே கருவேலங்காட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

இன்று கையெழுத்துக் கேட்டு வரச் சொல்லி அம்மா என்னை அனுப்பிவிட்டார். நானோ யாரிடமும் லேசில் வாய் திறக்காதவள்.

"பூ எங்கக்கா பறிச்சீங்க?"

"பொது கக்கூஸு பக்கத்துல பாத்தி இருக்குதுல்ல, அங்கதான். தெனம் ரெண்டு பறிப்பேன். ஏன், உங்க தெரு மகளிர் குழு போட்ட தோட்டமா?"

"தோட்டம் இல்லக்கா. கக்கூஸு தண்ணி அங்க போய்தான் சுத்தமாவுது. அடியில செராமிக் கம்பெனி ஒடைசல கொட்டி, மேல கல்வாழ நட்டிருக்காங்க. எங்க வூட்டுத் தண்ணியும் அங்கதான் வரும். தெனம் போறீங்களே, நாத்தம் அடிச்சுதா?"

அக்கா என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"சாமியே ஒண்ணும் சொல்லல. நான் என்னாடி சொல்றது?"

நான் பேனா மூடியைக் கழற்றி, பேப்பரோடு சேர்த்து நீட்டினேன்.