ஒடுக்கு விழுந்த பால்பானை

அம்மாவின் பித்தளைப் பால்பானையின் விளிம்பில் ஓர் ஒடுக்கு உண்டு. கட்டைவிரலை வைத்தால் சரியாகப் பொருந்தும். பாத்திரக்கடைக்காரர் தட்டி நிமிர்த்தித் தருவதாக எத்தனையோ முறை சொல்லியும் அம்மா கொடுக்கவில்லை. பால் பொங்கினால் அந்தப் பக்கமாகத்தான் வழியும். அது ஒரு மனிதரின் நெற்றியில் பட்டு விழுந்த ஒடுக்கு. அடித்தவள் என் அம்மாதான். கோயில் சுண்டலுக்குக்கூட வரிசையில் கடைசியாக நிற்பவள்.

ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். ஆவணியின் முதல் முகூர்த்தம் வந்ததோ இல்லையோ, பாதித் தாம்பரம் மீதித் தாம்பரத்தின் வீட்டுக்குள் புகுந்துவிடும். தெருவுக்குத் தெரு குட்டியானை வண்டிகள், அவற்றின்மேல் கட்டிலும் மெத்தையும். எல்லோரும் அதே நல்ல நேரத்தில் பால் காய்ச்சியாக வேண்டும். உள்ளே இருப்பவன் வெளியே போனால்தானே வெளியே இருப்பவன் உள்ளே வர முடியும்? இந்தச் சின்னக் கணக்கு ஊரில் ஒருவருக்கும் தோன்றாது.

நான் கல்லூரி முடித்த வருடம் சேலையூரில் ஒரு மாடி வீட்டுக்கு மாறினோம். முந்தின வீட்டில் நேரம் தப்பிப் பால் காய்ச்சியதால்தான் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது என்பது அம்மாவின் தீர்மானம். அடுத்த வாரம் அவருக்கு ஆபரேஷன். அன்று திங்கட்கிழமை, ஏழரைக்கு ராகுகாலம் தொடங்கும். அதற்குள் பால் பொங்காவிட்டால் அவர் பிழைக்கமாட்டார் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

நாங்கள் போய் இறங்கியபோது பழைய குடித்தனக்காரர்கள் காலி செய்திருக்கவில்லை. அவர்களுடைய வண்டி வரவில்லை. அவர்களின் பீரோ மாடிப்படித் திருப்பத்தில் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது.

"ஏழரைக்குள்ள நாங்க பால் காய்ச்சணும். வழி விடுங்க சார்," என்றாள் அம்மா.

பீரோவைப் பிடித்திருந்தவர் வியர்வையோடு திரும்பினார். "எங்களுக்கும் பெருங்களத்தூர்ல ஏழரைக்குள்ளதாம்மா பாலு. வண்டி வராம நாங்க இன்னா ரோட்ல குந்திக்கினு இருக்கறதா?"

அம்மாவோடு பிறந்த மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "மரியாதையா பேசுடா" என்று படியேறி அவர் சட்டையைப் பிடித்தார். அந்த மனிதர் தள்ளினார். மாமா பீரோவில் மோதியதில் அதன் கண்ணாடி வெடித்துப் படியெல்லாம் சிதறியது. பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று கேட்காதீர்கள். மாமா குத்தினார், அவர் மாமாவின் கழுத்தை நெரித்தார், செருப்புக் கால்கள் கண்ணாடியை மிதித்து அரைத்தன. அந்த மனிதரின் மனைவி ஓடிவந்து அம்மாவின் கொண்டையைப் பற்றிச் சுவரில் இடித்தாள். அம்மாவின் உதடு கிழிந்தது. அந்த வெறியில்தான் பானையைத் தூக்கி, இரண்டு கையாலும், அந்த மனிதரின் நெற்றியில் இறக்கினாள். சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ரத்தம் புருவத்தைத் தாண்டி வாய்க்குள் ஓடியது.

"ஐயோ, அப்பா!" என்று நான் கத்தினேன். கீழ்ப்படியில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து கிடந்தார்.

மாமா மரம்போல் நின்றார். மண்டை உடைந்த மனிதர்தான் பீரோ மேல் ஏறிக் குதித்து வந்து அப்பாவைத் தோளில் போட்டார். எங்கள் வண்டியிலிருந்த சாமான்களை ரோட்டில் உருட்டித் தள்ளினார். "பாப்பா, ஏறு! டிரைவர், ஆஸ்பத்திரிக்கு எடுய்யா வண்டிய!" அவர் ரத்தம் அப்பாவின் வெள்ளைச் சட்டையில் சொட்டிக்கொண்டே வந்தது. வண்டி திரும்பும்போது பார்த்தேன். அம்மா எங்கள் பின்னால் ஓடி வரவில்லை. பானையோடு பீரோவைத் தாண்டி மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. கொண்டையைப் பிடித்து இடித்த அந்த அம்மாவே தன் அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தாள் என்று பின்னால் மாமா சொன்னார்.

அப்பா பிழைத்தார். மேலும் பல வருடம் இருந்தார். அன்று பொங்கிய பால்தான் அவரைக் காப்பாற்றியது என்று கடைசிவரை அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மறுத்துப் பேசி அலுத்துவிட்டேன்.

போன ஆவணியில் நான் வண்டலூரில் ஒரு வீட்டுக்கு மாறினேன். அதே கூத்து. பழைய குடித்தனக்காரர்கள் அப்போதுதான் வாஷிங் மெஷினை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நேரம் நெருங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் பானையோடு அம்மா எழுந்தாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அம்மா, வேணாம்!"

அவள் பானையை என் கையில் கொடுத்துவிட்டு, எங்கள் மூட்டைகளைக் காலால் ஒதுக்கி அவர்களுக்கு வழிவிட்டாள். "நீங்க மொதல்ல போங்கம்மா. எங்க வண்டியையும் எடுத்துக்கோங்க. உங்க பால் நேரத்துக்குப் பொங்கட்டும்."

"நம்ம நேரம் போயிடுமேம்மா," என்றேன்.

அவள் என் கையிலிருந்த பானையின் ஒடுக்கில் கட்டைவிரலை வைத்தாள். "அன்னிக்கு அப்பாவைத் தூக்கிட்டு ஓடினவர் வீட்டுல பால் பொங்கவே இல்லடி," என்றாள்.