ராஜபிளவையும் தள்ளுபடி ஆகமமும்

போன ஆடி மாதம், தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. சின்னமனூரில் எங்களுக்கு ஒரு சின்ன ஜவுளிக் கடை. ஆடித் தள்ளுபடி வியாபாரம் மும்முரமாக இருந்த நேரத்தில் என் கணவருக்கு முதுகில், கழுத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு கட்டி புறப்பட்டது. சர்க்கரை உள்ள உடம்பு. மாத்திரையை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அவருடைய சபையில் மருந்து சாப்பிடுவதை விசுவாசக் குறைவு என்பார்கள். எண்ணெய் பூசி ஜெபித்துக்கொண்டே இருந்தார். கட்டி உள்ளங்கை அகலத்துக்குப் பரவி, காய்ச்சலில் கடையிலேயே சுருண்டு விழுந்த பிறகுதான் பக்கத்துக் கடைக்காரரின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தோம்.

பார்த்தவுடனேயே டாக்டரின் முகம் மாறிவிட்டது. இன்றைக்கே கீறிச் சீழை எடுக்க வேண்டும், ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார். இவரோ கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

"கர்த்தர் பாத்துக்கிருவாரு. கத்தி வேணாம்."

நான் பிறந்தது ராயப்பன்பட்டியில் ஓர் ஆர்.சி., அதாவது கத்தோலிக்கக் குடும்பத்தில். கல்யாணத்துக்குப் பிறகு அவருடைய சபைக்குப் போய்வந்தாலும், பிறந்த வீட்டு பைபிளை நான் விடவில்லை. அவர்கள் பைபிளில் அறுபத்தாறு புத்தகங்கள், எங்களுடையதில் எழுபத்துமூன்று. கூடுதலாக உள்ள ஏழில் ஒன்று சீராக்கின் ஞானம். வைத்தியரை மதி, அவரையும் ஆண்டவர்தான் படைத்தார், மண்ணிலிருந்து மருந்தை உண்டாக்கியவரும் அவரே என்று அதில் வரும். செல்போனில் அதைத் தேடி எடுத்து, கட்டில் ஓரம் நின்று வாசித்தேன்.

"அது நம்ம வேதத்துல இல்ல புள்ள" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கூடவே வந்திருந்த அவருடைய அண்ணன், "தள்ளுபடி ஆகமத்த வாசிச்சு அவன் விசுவாசத்தக் கெடுக்காதம்மா" என்றார். அந்த ஏழு புத்தகங்களுக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. வேதத்தில் சேர்க்காமல் தள்ளப்பட்டவை என்று அர்த்தம். எத்தனையோ தடவை அந்த வார்த்தையைக் கேட்டும் வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறேன். அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆடிக்கு நாம தள்ளுபடில குடுக்குற சேலையும் சேலதான பெரிய மச்சான்? கட்டுனா மானம் மறையாதா?"

அவர் முகம் கறுத்துவிட்டது. பாஸ்டருக்கு போன் போட வெளியே போனார். கோபத்தில் வாயை விட்டுவிட்டேனே, இனி இவர் இன்னும் முரண்டு பிடிப்பாரே என்று பயந்தேன். இவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. அழுதேன், கெஞ்சினேன், பிள்ளைகள் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை.

அப்போது காய்ச்சல் பார்க்க நர்ஸ் வந்தார். "ராசபிளவைக்கு இன்னும் கையெழுத்துப் போடலையா? டாக்டர் கேட்டாக" என்றார் என்னிடம்.

இவர் கண்ணைத் திறந்தார். "என்ன பிளவையின்னீக?"

"ராசபிளவைங்க. சர்க்கரை இருக்கவுகளுக்கு முதுகுல வரும்."

"ராசா... பிளவை" என்று தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஏசாயாவுல எசேக்கியா ராசா கதைய எடு" என்றார்.

அவருடைய பைபிளைத் திறந்து வாசித்தேன். சாகக் கிடக்கும் ராஜா, இவரைப் போலவே சுவர்ப் பக்கம் திரும்பி, அழுது ஜெபிக்கிறார். கர்த்தர் மனமிரங்கி ஆயுளைக் கூட்டித் தருகிறார். அதற்கப்புறமும் தீர்க்கதரிசி, அத்திப்பழத்தை அடையாக்கிப் பிளவையின்மேல் பற்றுப் போடச் சொல்கிறார். இரண்டு பைபிளிலும் உள்ள கதைதான். இருந்த பதற்றத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

"ஜெபமும் பண்ணிருக்காக, பத்தும் போட்டுருக்காக" என்றார் மெதுவாக. "டாக்டர வரச் சொல்லு."

அண்ணன் திரும்பி வந்தபோது இவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோயிருந்தார்கள். பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தார். இந்தக் கோடியில் நான். உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் பழி முழுவதும் என் தலையில்தான் விழும் என்று தெரியும். கடைசியில் டாக்டர் வெளியே வந்து இனிப் பயமில்லை என்றதும், முதலில் உடைந்து அழுதது அண்ணன்தான்.

புண் ஆற ரொம்ப நாளானது. நான் வாசித்ததும் அவர் வாசிக்கச் சொன்னதும் இரண்டுமே முப்பத்தெட்டாம் அதிகாரம் என்று பிறகுதான் கவனித்துச் சொன்னேன். சிரித்தார். "நல்ல புத்தகந்தான், ஆனா வேதமில்ல" என்று மட்டும் சொன்னார். நானும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. காலையில் சாப்பிட்டதும் அவரே மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுக்கொள்ளும்போதெல்லாம் நான் மனசுக்குள் ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன். அந்த ஆண்டவர் எந்தப் பைபிளில் இருக்கிறவர் என்று மட்டும் எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை.