தொப்பிக்குள் இருந்த ஓலை

என்னிடம் நாற்பத்தொரு தொப்பிகள் இருக்கின்றன. தலை ஒன்றுதான். இதை என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது அவள் சொல்வதில்லை. நானும் தொப்பி பார்க்க யாரையும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை.

உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரம் செய்த குடும்பம் எங்களுடையது. எங்கள் ஆட்களின் தலையில் ஏறியதெல்லாம் சும்மாடும் துண்டும்தான். நான் படித்துவிட்டுத் தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் பழைய சாமான் கடையில் மின்விசிறி தேடப் போனவன், நெட்டியில் செய்து காக்கித் துணி சுற்றிய வெள்ளைக்காரன் காலத்துத் தொப்பி ஒன்றோடு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குப் பிடித்த சனியன் இன்னும் விடவில்லை. கப்பல்காரர்கள் விட்டுப்போனது, நாசரேத்தில் பழைய வாத்தியார் வீட்டுப் பரணில் கிடந்தது, பங்களா இடிக்கும்போது கூலியாள் தலையில் இருந்தது என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

தொப்பி என்றால் எல்லாரும் உச்சியில் இரண்டு விரலால் கிள்ளித் தூக்குவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உச்சியில் பிடித்தால் அந்த இடம் நாளடைவில் வெடித்துவிடும். விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும், அதுவும் இரண்டு கையாலும். வைக்கும்போது மல்லாக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் விளிம்பு தொய்ந்துபோகும். கடற்காற்று தொப்பிக்குப் பரம எதிரி. பதினைந்து நாள் பார்க்காமல் விட்டால் பூஞ்சை பிடிக்கும், ஒரு மாதம் விட்டால் பூச்சி அரிக்கும். மென்மையான பிரஷால் ரோமம் படிந்த திசையிலேயே துடைக்க வேண்டும். வடிவம் கெட்டிருந்தால் ஆவி காட்டி விரலால் அழுத்தினால் பழைய பள்ளம் திரும்பி வரும். எங்கள் வீட்டு இட்லிக் கொப்பரை இட்லிக்கு ஆவி விட்டதைவிடத் தொப்பிக்கு விட்டதுதான் அதிகம். முயல் ரோமத்தில் செய்ததா, ஆட்டு ரோமத்தில் செய்ததா என்று கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவேன். ஆனால் ஒன்றையும் நான் தலையில் வைத்ததில்லை. வியர்வை பட்டால் உள்ளே இருக்கும் தோல் பட்டை கறுத்துவிடும்.

மாதா கோயிலுக்குப் பின்னால் கடற்கரைக்குப் போகும் தெருவில் ஒரு கப்பல்கார அண்ணாச்சி இருந்தார். சரக்குக் கப்பல்களில் செராங்காக, அதாவது மாலுமிகளுக்கு மேஸ்திரியாக இருந்து, உலகத்தைச் சுற்றிவிட்டு ஓய்ந்து உட்கார்ந்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வெள்ளைச் சட்டை, கறுப்புச் சப்பாத்து, தலையில் புறா நிறத்தில் ஒரு ஃபெல்ட் தொப்பி. இத்தாலியில் ஏதோ ஒரு துறைமுகத்தில் இளவயதில் வாங்கியதாம். கோயில் வாசலில் அதைக் கழற்றி, பூசை முடியும்வரை முழங்காலில் வைத்துக்கொண்டிருப்பார். அவர் விளிம்பைப் பிடித்துக் கழற்றுகிற அழகைப் பார்த்துத்தான் நான் அவரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

தொப்பியைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. அசல் முயல் ரோமம். எடை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஊதினால் ரோமம் பிரிந்து மறுபடி மூடிக்கொள்ளும். அப்படி ஒன்று என்னிடம் கிடையாது. ஆறு வருடம் ஏதாவது சாக்கில் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் மசியவில்லை.

"ஏலே தம்பி, தலைய வேணா கேளு, அறுத்துத் தாரேன். தொப்பிய மட்டும் கேக்காத" என்பார்.

பிறகு அவருக்குக் கால் விழுந்துவிட்டது. கோயிலுக்குப் போவது நின்றது. அந்த வருட மழையில் அவர் வீட்டுக் கூரை ஒழுகி, அலமாரியில் இருந்த தொப்பியில் பூஞ்சை படிந்தது. ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். கட்டிலில் படுத்தபடியே தொப்பியை என் கையில் கொடுத்தார்.

"இங்கன இருந்தா வீணாப் போயிரும். நீ பாத்துக்கோ. ஆனா ஒண்ணு. நான் போற அன்னைக்கு இதக் கொண்டாந்து என் பெட்டிக்குள்ள வச்சிரணும். தொப்பி இல்லாம என்னைய மண்ணுக்குள்ள எறக்கப் பிடாது. சரியா?"

"சத்தியமா அண்ணாச்சி" என்றேன். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தோல் பட்டையை வெளியே மடக்கிப் பார்த்தேன். உள்ளே காய்ந்த பனையோலை ஒன்று, நாலு விரல் நீளத்துக்கு மூன்றாக மடித்து, எண்ணெயும் வியர்வையும் ஊறிப் பழுப்பேறிக் கிடந்தது. தலை மெலிந்து தொப்பி தளர்ந்ததற்குக் கிழவர் ஓலையைச் சொருகியிருக்கிறார் என்று நினைத்தேன். சிலர் பேப்பரை மடித்து வைப்பார்கள், இவர் ஓலை. பனங்காட்டில் பிறந்தவனுக்கு ஓலை என்ன பெரிய பொருள்? எங்கள் ஊரில் காலில் மிதிபடுவது அதுதான். பூச்சிக்கு வழி என்று குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, பட்டையைத் துடைத்து மெழுகு தடவினேன்.

பூஞ்சை எடுத்து, ஆவி காட்டி, பிரஷ் போட்டு முடித்தபோது தொப்பி நேற்று வாங்கியதுபோல் ஆகிவிட்டது. இரண்டு வருடம் என் அலமாரியில் நடுத்தட்டில் இருந்தது. இரண்டு வருடம் என்பது, இரவல் பொருள் சொந்தமாகிப்போவதற்குப் போதுமான காலம். இதைப் போய் மண்ணுக்குள் போடுவதா, கறையானுக்கா என்று எனக்குள் ஒருவன் கேட்க ஆரம்பித்தான். நியாயமான கேள்வி என்றுகூட எனக்குப் பட்டது. களவாணிப் புத்திக்கு நியாயம் கிடைக்காமல் போனதே இல்லை.

போன டிசம்பரில் ஒருநாள் காலையில் அக்காவே போன் செய்தார். "தம்பி, அவரு போயிட்டாரு. தொப்பிய எடுத்துட்டு வந்துருங்க."

என்னிடம் அதே புறா நிறத்தில் ஆட்டு ரோமத் தொப்பி ஒன்று இருந்தது. கனமானது, மட்டமானது, வாங்கியதற்கே வருத்தப்பட்டது. இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றினேன். ஆவியில் காட்டி, கப்பல்கார அண்ணாச்சியின் தொப்பியில் இருந்த பள்ளத்தை அச்சு அசலாக அதில் அழுத்தினேன். நாடாவைக்கூட மாற்றித் தைத்தேன். வாசலில் ஒரு சாவுச் சேதி நிற்கிறது, நான் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிறேன்.

மனைவி சமையலறையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னங்க, இது அது இல்லையே."

"ஒனக்கு என்ன தெரியும்? வேலையப் பாரு."

"செத்தவரு எந்திரிச்சி வந்து கேக்க மாட்டாருன்னுதானே?" என்றாள். நான் சட்டையை மாட்டினேன்.

அங்கே முன்னறையில் அண்ணாச்சியைப் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். கறுப்புக் கோட்டு, சப்பாத்து, விரல்களில் சுற்றிய செபமாலை. நான் தொப்பியை அக்காவின் கையில் கொடுத்தேன். அவர் அதை மல்லாக்கத் திருப்பினார். தோல் பட்டைக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். விரல் நின்றது. மறுபடி ஒரு சுற்று. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு பார்வைதான். தொப்பியை அண்ணாச்சியின் நெஞ்சில் வைத்தார். எனக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது. வெளியே வந்து பந்தலில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்கும் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் அல்லவா? சாப்பாடு முடிந்து கை கழுவும்போது அக்கா உள்ளே கூப்பிட்டார். ஜவுளிக்கடைப் பை ஒன்றை நீட்டினார். பிரித்தால், அந்த ஆட்டு ரோமத் தொப்பி.

"இது ஒங்கது. பெட்டிய மூடுமுன்ன எடுத்துட்டேன்."

நான் தொப்பியைத் திரும்பப் பைக்குள் திணித்தேன். "அக்கா, அவசரத்துல... மாறிப் போச்சி போல..."

"எப்பிடித் தம்பி மாறும்? கண்ண மூடிக்கிட்டுத் தடவியே சொல்லிருவியன்னு அவரு ஊரெல்லாம் பெருமையடிச்சாரே." குரலில் கோபம்கூட இல்லை. "சாவு வீட்டுல ஒரு மனுசன நாலு பேரு முன்னால நிறுத்திக் கேக்க எனக்கு மனசு வரல. வெறுந்தலையோடயே அனுப்பி வச்சிட்டேன்."

"இப்பவே போயிக் கொண்டாறேன்க்கா."

"இனி எந்தத் தலைக்கு?"

நான் பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"தொப்பி ஒங்ககிட்டயே இருக்கட்டும். அந்தப் பட்டைக்குள்ள ஒரு ஓலை இருக்கும், அத மட்டும் குடுங்க. அவருக்குத் தல மெலிஞ்சிட்டு, தொப்பி காதுல வந்து விழும். சொன்னா ரோசப்படுவாரு. அதனால வருசா வருசம் குருத்தோலை ஞாயிறன்னைக்கு, கோயில்ல மந்திரிச்சிக் குடுக்குற ஓலைய அவருக்குத் தெரியாம மடிச்சி வைப்பேன். பழச எடுத்துக் கோயில்ல எரிக்கக் குடுத்துருவேன். கடைசியா வச்சது, அவரு நடந்து வந்த கடைசி வருசத்து ஓலை. இந்தச் சாம்பல் புதனுக்கு எல்லாரு நெத்தியிலயும் சிலுவ போட பழைய ஓலைய எரிப்பாங்கல்லா, அதோட இதையும் குடுக்கணும். அந்தச் சாம்பல் என் நெத்தியில படணும்னு ஒரு ஆசை."

தொப்பி இன்னும் தனக்குச் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அந்த மனிதர் செத்திருக்கிறார். அந்த நினைப்பைக் காப்பாற்றிக் கொடுத்த ஓலையை நான் இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே குப்பை வண்டியில் அனுப்பிவிட்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். 'அக்கா, எறிஞ்சிட்டேன்' என்று இரண்டே வார்த்தை. ஏசியிருப்பார், அழுதிருப்பார், அதோடு தீர்ந்திருக்கும். "பத்திரமா இருக்குக்கா" என்றேன். வாயில் இருந்து தானாக வந்தது.

அடுத்த ஞாயிறு உடன்குடி போனேன். சொந்தக்காரன் தோட்டத்தில் ஒரு ஓலை அறுத்து, மூன்றாக மடித்து, வெயிலில் காயவைத்தேன். வெளுத்துப்போய்ப் புதிதாகவே இருந்தது. பழையதாக்க எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? தேங்காய் எண்ணெய் தடவினேன். அதுவும் போதவில்லை, வியர்வை ஊறிய நிறம் வேண்டும். அந்த முயல் ரோமத் தொப்பியை எடுத்து, பட்டைக்குள் ஓலையைச் சொருகி, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு தொப்பியைத் தலையில் வைத்தேன். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, ஏழு நாள் உச்சி வெயிலில் மொட்டை மாடியில் நடந்தேன். எனக்கு அது அளவாக இருந்தது. மனைவி துணி காயப்போட வந்தவள், என்னைப் பார்த்துவிட்டு ஈரத்துணியோடு திரும்பிக் கீழே போய்விட்டாள்.

எட்டாம் நாள் ஓலையை ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அதை வாங்கி மோந்து பார்த்தார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பட்டைக்குள் விரலை விட்டுக் கண்டுபிடித்த மனுஷிக்கு இந்த முறை ஒன்றும் தெரியவில்லை.

சாம்பல் புதன் அன்று சாயங்காலம் மார்க்கெட் பக்கம் போயிருந்தேன். பூசை முடிந்து கூட்டம் எதிரே வந்தது. அக்கா என்னைக் கண்டதும் நின்றார். நெற்றியில் சாம்பல் சிலுவை. அந்தச் சாவுக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

"நல்லா இருக்கணும் தம்பி நீங்க. ஓலையையாவது எறியாமப் பத்திரமா வச்சிருந்தியளே. நாந்தான் ஒங்கள மனசுக்குள்ள ரொம்ப ஏசிட்டேன், மன்னிச்சிக்கோங்க" என்றார். விரலால் நெற்றியைத் தொட்டும் தொடாமலும் காட்டினார். "அவரு இங்கன இருக்காரு."

எத்தனையோ வீட்டு ஓலை எரிந்த சாம்பல் அது. அதில் அவர் ஒரு துளிகூட இல்லை. மொட்டை மாடியில் ஏழு நாள் வழிந்த என் வியர்வைதான் இருந்தது. "சரிக்கா" என்று சொல்லிவிட்டுத் தக்காளி வாங்கப் போனேன்.