தலைவர் வைத்த பெயர்

என் மகள் பிறந்து மூன்று நாள் பெயரில்லாமல் இருந்தாள். நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிட தூரத்து ஆஸ்பத்திரி. தொட்டிலில் ஒட்டிய அட்டையில் 'பேபி கேர்ள்' என்று மட்டும் எழுதியிருந்தது. பிறப்புச் சான்றிதழுக்கான படிவத்தை எடுத்துக்கொண்டு ஓர் அம்மாள் தினமும் காலையில் வருவார். நாளைக்குச் சொல்கிறோம் என்போம். இரண்டாம் நாள் அவர் ஒரு பெயர்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து கட்டில் ஓரமாக வைத்துவிட்டுப் போனார். பாவம், எங்களுக்குப் பெயரே தோன்றவில்லை என்று நினைத்திருப்பார். எங்கள் வீட்டுக் குழந்தைக்குக் கட்சித் தலைவர்தான் பெயர் வைக்க வேண்டும், தலைவர் சுற்றுப்பயணத்தில் இருக்கிறார் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது?

என் அப்பா கொங்குப் பக்கத்தில் ஒரு தொகுதிக்கு இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர். சுவரில் பசை தடவிப் போஸ்டர் ஒட்டுவதில் ஆரம்பித்து, கிளைச் செயலாளர், ஒன்றியம், மாவட்டம் என்று ஒரே கட்சியில் ஏறியவர். எனக்கும் அந்தத் தலைவர்தான் பெயர் வைத்தார். மூன்று மாதக் குழந்தையான என்னை மாநாட்டு மேடைக்குத் தூக்கிப்போய் அவர் கையில் கொடுத்த போட்டோ எங்கள் வீட்டு ஹாலில் சாமி படங்களுக்கும் மேலே தொங்கியது. என் கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுத்ததும் அவரே. நான் கல்லூரியில் படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு அப்பாவுக்கு நானும் கட்சியும்தான். இதில் எது முதலில் என்று நான் கேட்டதில்லை. பதில் தெரிந்ததால் கேட்கவில்லை.

சென்னைக்காரரான என் கணவருக்கு இதெல்லாம் வேடிக்கை.

"ஒரு பேர் வெக்க ஃபேக்ஸ் வரணுமா? நாமளே டிசைட் பண்ணக் கூடாதா?" என்று முதல் நாள் சிரித்தார். மூன்றாம் நாள் சிரிக்கவில்லை. அன்று மாலை அவருடைய ஆபீசுக்கு ஃபேக்ஸ் வந்தது. நீளமான, சுத்தத் தமிழ்ப் பெயர். நடுவில் ஒரு 'ழ'. நர்ஸ் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, "பியூட்டிஃபுல்" என்று சொல்லிக் கைவிட்டாள். பேத்தியின் போட்டோவைத் தலைவர் பார்க்க, பக்கத்தில் அப்பா கைகட்டி நிற்கும் படம் கட்சிப் பத்திரிகையில் வந்தது. அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு எனக்கு அனுப்பியிருந்தார்.

அடுத்த தேர்தலில் அப்பாவுக்கு சீட் கொடுக்கவில்லை. அவர் கையைப் பிடித்து வளர்ந்த ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நாலாம் நாள் அப்பா எதிர்க்கட்சியில் சேர்ந்தார். எனக்கு அதைச் சொன்னது அப்பா இல்லை. இந்தியன் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, முன்பின் பழகாத ஒரு ஆன்ட்டி வந்து, "ஏம்மா, உங்க அப்பா கட்சி மாறிட்டாராமே, மேகசின்ல போட்டிருக்கான்" என்றார். ஏதோ வீட்டில் திருட்டுப் போனதை விசாரிப்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்குக் கூடையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

போனில் அப்பா அழுதார். "முப்பது வருசம் கண்ணு. கதவைத் தொறந்து உள்ள வான்னு ஒருத்தன் சொல்லலை. வாசல்லயே நிக்க வெச்சுட்டானுங்க."

அவர் செய்தது சரிதான் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஆனால் ஊரில் பழைய கட்சிக்காரர்கள் விடவில்லை. ஒவ்வொரு மேடையிலும் மைக்கைப் பிடித்து, 'கட்சியை விட்டுப் போனாயே, எங்கள் தலைவர் வைத்த பெயரைப் பேத்தியிடமிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டுப் போ' என்று கேட்டார்களாம். கூட்டம் கைதட்டியதாம். புதிய கட்சியிலும் அதைச் சொல்லியே அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். பிரசாரத்துக்கு நடுவில் ஒரு நாள் அப்பா போன் செய்தார்.

"அம்மிணி பேரை மாத்திப்போடலாம் கண்ணு. இங்க தலைவர்கிட்டச் சொல்லியாச்சு, நல்ல பேரா வெக்கறன்னுட்டாரு."

"என்னங்கப்பா விளையாடறீங்களா? பர்த் சர்டிபிகேட், பாஸ்போர்ட் எல்லாம் வாங்கியாச்சு."

"அதெல்லாம் மாத்திக்கலாம்னு வக்கீல் சொல்றாரு."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். "என் பேரும் அவரு வெச்சதுதானுங்களே. அதையும் மாத்திக்கட்டுங்களா?"

 "உன்னைய நான் கண்ணுன்னுதானே கூப்பிடறேன்" என்றார் மெதுவாக. அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். ஒரு மாதமாக அவர் வாயிலிருந்து என் பெயர் வரவில்லை.

தேர்தலில் தோற்றார். அதன் பிறகு பேத்தியின் பெயரையும் அவர் சொல்லவே இல்லை. "அம்மிணி சாப்பிட்டாளா? அம்மிணிக்குச் சளி போச்சா?" இவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் பெண் குழந்தைகளை அப்படித்தான் கொஞ்சுவார்கள், கேட்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் வாயால் ஒரே ஒரு முறை அந்தப் பெயர் வந்துவிட்டால் போதும் என்று ஒரு வீம்பு எனக்குள் ஏறிவிட்டது. கட்சியைவிட நாங்கள் பெரிது என்று அவர் சொன்னதாக அதை எடுத்துக்கொள்ள நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து மூன்று மாதம் தங்குவதற்காக வந்தார். ஊரில் விடிவதற்குள் வாசலில் இருபது பேர் மனுவோடு நிற்பார்கள். அந்தப் பழக்கத்தில் இங்கும் ஆறு மணிக்கே குளித்து, சலவை வேட்டி சட்டையோடு சோபாவில் வந்து உட்கார்ந்துவிடுவார். கரை வேட்டி ஒன்றுகூட எடுத்து வரவில்லை. யாரும் வரமாட்டார்கள். எட்டு மணிக்குக் குழந்தை எழுந்து வந்து மடியில் ஏறுவாள். மூன்றரை வயது. அவள் ஆங்கிலத்தில் பேசுவாள், இவர் கொங்குத் தமிழில் பதில் சொல்வார். இருவருக்கும் எல்லாமே புரிந்தது. அப்பா அப்படிச் சிரித்து நான் சின்ன வயதிலும் பார்த்ததில்லை.

டே கேர் நடக்கும் தூரம். அழைத்து வரக்கூடியவர்கள் பட்டியலில் அப்பாவைச் சேர்த்திருந்தேன். ஒரு மதியம் ஆபீசுக்கு போன் வந்தது. ஒரு முதியவர் வந்து நிற்கிறார், யாருக்காக வந்தார் என்று தெரியவில்லை, அவர் நீட்டிய சீட்டில் இந்த நம்பர் இருந்தது என்றார்கள். நான் ட்ரைவ் பண்ணிக்கொண்டு போய்ச் சேர இருபது நிமிடம் ஆனது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே, கதவில் மூக்கை அழுத்திக்கொண்டு என் மகள். இருவரும் ஒருவருக்கொருவர் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலைக்கு அன்று புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். எந்தக் குழந்தை என்று கேட்டிருக்கிறாள். இவர் "அம்மிணி, அம்மிணி" என்றே சொல்லியிருக்கிறார். குழந்தைகள் பட்டியலில் அப்படி யாரும் இல்லை.

காரில் நான் வாயைத் திறக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் திறந்தேன்.

"பேரைச் சொல்லியிருந்தா அனுப்பியிருப்பாங்கல்ல?"

"நாக்கு எழும்பலை கண்ணு."

"இங்க எந்தக் கட்சிக்காரன் கேட்டுக்கிட்டு இருக்கான்? இப்பச் சொல்லுங்க. என் முன்னாடி ஒருக்காச் சொல்லுங்க."

"விடு," என்றார் என் கணவர். நான் விடவில்லை. "சொல்லுங்கப்பா. உங்க பேத்தி பேரு என்ன?"

அப்பா தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். மறுநாள் டிக்கெட்டை மாற்றச் சொன்னார். மூன்று மாதத்துக்கு வந்தவர் ஐந்தாவது வாரம் போய்விட்டார். நெவார்க் விமான நிலையத்தில் குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தார். என்னிடம், "உடம்பைப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். அந்த ராத்திரி நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் ஏழு வாரம் அவர் எங்களோடு இருந்திருப்பார். இதை நினைக்காமல் எனக்கு ஒரு வாரம்கூடப் போவதில்லை.

பிறகு வாரத்துக்கு ஒரு போன். அதில் பெரும்பங்கு குழந்தைக்குத்தான். இரண்டாயிரத்து ஒன்றில், அடுத்த தேர்தல் நெருங்கிய சமயம், ஒரு சனிக்கிழமை காலையில் போன் அடித்தது. நான் எடுத்ததுமே, கணீரென்று மேடைக்குரலில், அப்பா என் மகளின் பெயரைச் சொன்னார். முழுப்பெயர். அந்த 'ழ'வை அழுத்தி, அழகாகச் சொன்னார். "எங்கே அவ? போனைக் குடு கண்ணு, அவகிட்டப் பேசோணும்."

ஐந்து வருடம் இதற்குத்தான் காத்திருந்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வயதாகிவிட்டது, மனது இளகிவிட்டது, எங்களுக்காக இறங்கி வந்துவிட்டார் என்று அந்த ஒரு நிமிடம் நினைத்தேன். ஓடிப்போய்க் குழந்தையைக் கூட்டிவந்து ரிசீவரை அவள் காதில் வைத்தேன்.

அவளுக்கு அப்போது ஆறு வயது. காதில் வைத்துக் கேட்டாள். முகம் சுருங்கியது. என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இஸ் தாத்தா மேட் அட் மீ?" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் அவள் பெயரை முதல் மூன்று எழுத்தோடு நிறுத்திவிட்டார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகியிருந்தோம். முழுப்பெயர் வெளியே வருவது நான் அவளைத் திட்டும்போது மட்டும்தான். தாத்தாவின் வாயில் அவள் எப்போதும் அம்மிணி.

நான் ரிசீவரை வாங்கினேன். அப்போதுதான் அவருக்குப் பின்னால் இருந்த சத்தம் கேட்டது. நிறைய ஆட்கள். வெடிச் சத்தம்கூட. ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போல. யாரோ, "தலைவர் வெச்ச பேருங்களாண்ணா?" என்றார்கள். "பின்னே? தலைவர் வாயால வெச்ச பேரு" என்றார் அப்பா. பிறகு என்னிடம், "காத்தால தலைவரைப் பாத்துப் பொன்னாடை போட்டாச்சு கண்ணு. நம்ம கட்சிக்கே திரும்பி வந்தாச்சு. பேத்தி எப்படி இருக்கான்னு பேரைச் சொல்லிக் கேட்டாரு, தெரியுமா? மறக்கவே இல்லை." அவர் குரல் உடைந்தது. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அப்பா," என்றேன், "அம்மிணின்னு கூப்பிடுங்க. அவ பயந்துட்டா."

"ஆளுங்க இருக்காங்க கண்ணு," என்றார் குரலைத் தாழ்த்தி. "அப்பறம் பேசறேன்."

போனை வைத்துவிட்டார். மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தாத்தாவுக்கு உன்மேல் கோபமே இல்லை, நிறைய ஆசை என்று சொன்னேன்.

"தென் ஒய் டிட் ஹி சே மை நேம்?" என்று கேட்டாள்.